முற்றத்து மரங்களின் இளவேனில்

பங்குனி மாதத்தின் பிற்கூற்றிலே, பொழுது புலரும் வேளையில் விளக்குமாறு எடுத்து முற்றம் கூட்டப் புகும் இல்லத்தரசியின் கண்ணில் முதலிற் படுவது வேம்பின் உதிர்பூவாகும். முதல்நாள் மாலைவரை வெறுமையாய்க் கிடந்த மண்ணின்மேற் பொரி தூவினாற்போலச் சின்னஞ்சிறு வெண்பூக்கள் சிதறிக் கிடக்கும். "வேம்பு பூத்துவிட்டது" என்று வாய் கூறும். விளக்குமாறு தன் வேலையைச் செய்யும். பூவும் சருகும் ஒன்றாய்த் தென்னையின் அடிக்குப் போய்ச் சேரும். ஆயின், அம்மரம் பூக்கத் தொடங்கிய நாள் யாது? சென்ற ஆண்டிலும் இதே கிழமையிலேதான் பூத்ததா? இவ்வாறு வினவினால், அவ்வீட்டில் விடை கூற வல்லார் ஒருவரும் இரார். உதிர்ந்த பூவைக் கண்டவர் பலர்; விரிந்த பூவை நிமிர்ந்து நோக்கியவர் சிலர்; விரிந்த நாளைக் குறித்து வைத்தவர் மிக அரியர்.

இளவேனில் என்றவுடன், பனி உருகிப் பசுந்தளிர் தோன்றும் மேலைநாட்டு வசந்தமே பாடநூல் வாயிலாகப் பலர் மனத்திற் பதிந்துள்ளது. இலங்கையின் வடபுலத்து இளவேனில் அத்தகையது அன்று. தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிலாகும். அது குளிர் நீங்கிய காலம் என்பதினும், மழை நீங்கிய காலம் என்பதே பொருந்தும். யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலே பெய்துவிடுகிறது. தை பிறந்ததும் மண் உலரத் தொடங்குகிறது. இலண்டன் மாநகரிலே கோடையின் நெடும்பகலுக்கும் மாரியின் குறும்பகலுக்கும் இடையே எட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்திலோ அவ்வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே மேற்பட்டது. ஆகவே இங்குள்ள மரங்கள் பகலின் நீளத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. மழை ஓய்ந்தமை, மண்ணின் ஈரம் குறைந்தமை, மார்கழி தை மாதங்களின் குளிர்ந்த இரவு, கிளையின் முதிர்ச்சி ஆகியவற்றுள் மரத்துக்கேற்ப ஒன்றோ பலவோ சேர்ந்தே பூக்கும் வேளையை அறிவிக்கின்றன.

வறண்ட காலத்திலே மரம் பூப்பது வியப்பாகத் தோன்றலாம். இதன் விளக்கம் இலையிலே உள்ளது. மரம் உறிஞ்சும் நீரின் பெரும்பகுதி இலைகளின் வழியே ஆவியாகிக் காற்றிற் கலந்துவிடுகிறது. வறட்சி கண்டு இலை உதிர்ந்ததும் அச்செலவு குறைகிறது. அடிமரமும் வேரும் சேமித்த நீர் கிளைகளில் மீண்டும் நிறைகிறது. உறங்கிக் கிடந்த மொட்டு விரிவதற்கு அது துணையாகிறது. இலையற்ற கிளையிற் பூத்த பூ, பறவைக்கும் வண்டுக்கும் தொலைவிலிருந்தே தெரிகிறது என்பது மற்றொரு பயன். சிலர் பட்ட மரம் என்று எண்ணி வெட்டக் கருதும் மரம், உண்மையிலே பூப்பதற்கு ஆயத்தமாய் நிற்கும் மரமாக இருத்தல் கூடும்.

வளவிலுள்ள மரங்களை வரிசையாக நோக்குவோர்க்கு, இளவேனிலின் கட்டியங்காரனாய் முதலில் வருவது மாமரமே. தை, மாசி மாதங்களிலே அதன் கொப்பு நுனிகளிற் பூங்கொத்துக்கள் தலைகாட்டும். முதிர்ந்த கொப்பும் குளிர்ந்த இரவும் வறண்ட வானமும் கூடினாலன்றி மா நன்கு பூப்பதில்லை. மார்கழி மழை தைக்குள்ளும் நீடித்தால், பூவுக்குப் பதிலாகச் செந்தளிர் தள்ளுதலும் உண்டு. ஒரே மரத்தின் ஒரு பக்கம் பூத்திருக்க, மறுபக்கம் தளிர்த்து நிற்பதையும் காணலாம். ஒரு கொத்திலே நூற்றுக்கணக்கான பூக்கள் இருப்பினும் அவற்றுட் பெரும்பாலானவை காய்க்கும் திறனற்ற ஆண்பூக்களே. எஞ்சியவற்றுளும் மிகச் சிலவே பிஞ்சாகிக் காயாகின்றன. ஆதலின், மரத்தடியிற் கொட்டிக் கிடக்கும் மாம்பூவைக் கண்டு வீட்டார் நெஞ்சம் துணுக்குறுதல் வேண்டா. பூங்கொத்தை மொய்க்கும் ஈக்களையும் விரட்ட வேண்டியதில்லை. மாவின் மகரந்தத்தைச் சுமந்து செல்வோருள் அவையே முதன்மையானவை. வைகாசி, ஆனியிற் கையில் ஏந்தும் கறுத்தக்கொழும்பானுக்கு அவற்றுக்கும் நன்றி கூறுதல் தகும்.

மாவை அடுத்து வேலி பூக்கிறது. யாழ்ப்பாணத்து வேலி உயிர்வேலி. அதன் கதியால்களே மரங்களாய் நிற்பன. சீமைக்கிளுவை இலையை உதிர்த்து, இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த பூக்களைக் கிளை நெடுகச் சூடிக்கொள்ளும். முள்முருக்கோ கனல் மூட்டினாற்போலச் செம்பூக்களை உயர்த்தும். அப்பூவின் தேனுக்காக மைனாவும் காகமும் தேன்சிட்டும் காலை முழுவதும் கூச்சலிடும். திருமண வீட்டிலே கன்னிக்காலாக ஊன்றப்படும் முருக்கு இதுவே. சிங்கள மக்கள் எரபது என வழங்கும் இம்மரத்தின் பூவும் குயிலின் கூவலும் சித்திரைப் புத்தாண்டு வருவதற்கு அறிகுறியென அவர்களிடத்தும் கொள்ளப்படுகின்றன. ஆயின் ஒன்று கருதத்தக்கது. ஆட்டுக்குக் குழையாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் அடிக்கடி வெட்டப்படும் கதியால் பூப்பது அரிது. பூ முதிர்ந்த கிளையிலேதான் தோன்றும். "எங்கள் வேலி முருக்குப் பூப்பதேயில்லை" என்று கூறுவோர், பழியை வானத்தின்மேற் போடுமுன் தம் கத்தியை ஒருமுறை நோக்குதல் நன்று.

அதே வேலியில் நிற்கும் பூவரசு வேறொரு பாடம் புகட்டுகிறது. அது பருவம் பாராது ஆண்டின் பல மாதங்களிலும் பூப்பது. காலையில் மஞ்சளாய் விரியும் பூ, நேரம் செல்லச் செல்லச் சிவந்து வாடும். ஒரே கிளையில் மஞ்சட்பூவையும் செந்நிறப் பூவையும் கண்டு இருவகைப் பூ என மயங்கும் சிறுவர்க்கு, ஒரு பூவை நூலாற் கட்டி அடையாளமிட்டு மாலைவரை நோக்கச் செய்தால் உண்மை தானே விளங்கும். பனையின் செய்தி இன்னும் வேறு. வித்தூன்றிப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சென்று முதற்பாளை வெளிவரும் வரையில், அது ஆண்பனையோ பெண்பனையோ என அறிய வழியில்லை. ஆகவே ஒரு பனை முதன்முறை பாளை விடும் ஆண்டு, வளவுக்கு உரியவர் நெடுங்காலம் காத்திருந்து பெறும் விடையாகும்.

பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்போது இளவேனில் முழுமை பெறுகிறது. வேப்பம்பூவின் தேன்மணம் வெயில் தாழ்ந்தபின் முற்றமெங்கும் பரவும். மரத்தின்கீழ்ச் சீலை விரித்துப் பூவைச் சேர்த்து, உலர்த்தி, உழுந்துடன் கூட்டி வடகம் இடுவது யாழ்ப்பாணத்து அடுக்களையின் ஆண்டுக் கடமைகளுள் ஒன்று. இக்கடமை தவறாத வீடுகளிலே பெண்கள் வேம்பின் பருவத்தை நன்கறிவர். எந்தக் கிழமையில் பூ மிகுதியாக உதிரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களைத் தொடர்ந்து கொன்றை, சித்திரை வைகாசியிற் பொற்சரம் தொங்கவிடும். அதன் காய் முற்றுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அதனால் இவ்வாண்டின் மஞ்சட்பூவும் சென்ற ஆண்டின் கரிய நெடுங்காயும் ஒருங்கே தொங்குவதைக் காணலாம். எஹெல என்னும் பெயருடன் இது சிங்கள மக்களின் வெசாக் காலத்துக்குரிய பூவாகவும் விளங்குகிறது.

இவற்றையெல்லாம் காண்பது இன்பம். காண்பதோடு குறித்து வைப்பது அறிவு. இங்கிலாந்தின் நோர்போக் மாவட்டத்திலே இறொபேட் மார்சம் என்னும் நிலக்கிழார் 1736ஆம் ஆண்டு தொடங்கித் தம் நிலத்தில் முதற்பூ விரிந்த நாள், மரம் தளிர்த்த நாள், குயிலினப் பறவை கூவிய நாள் முதலியவற்றை எழுதி வந்தார். அவருக்குப் பின் அவர் வழித்தோன்றல்கள் 1958ஆம் ஆண்டு வரை அப்பணியைத் தொடர்ந்தனர். யப்பானின் கியோத்தோ நகரிலே அரசவையினரும் துறவியரும் தம் நாட்குறிப்புக்களில் செரிப்பூ விழாவைப் பற்றி எழுதிய செய்திகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அவர்கள் ஆராய்ச்சிக்கென்று எழுதினாரல்லர். பூக்கண்டு மகிழ்ந்த நாளையே எழுதினர். எனினும் அக்குறிப்புக்களை ஒன்று சேர்த்து நோக்கிய அறிஞர், 2021ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் முழுமையாய்ப் பூத்ததே அதுவரையான ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் மிக முந்திய பூப்பு எனக் கண்டனர். உலகம் வெப்பமுறுகிறது என்பதற்கு வெப்பமானி கூறும் சான்றோடு, பூமரமும் ஒரு சான்றாய் வந்து நின்றது. இந்தியாவிலும் மாணவரும் பொதுமக்களும் கிழமைக்கொருமுறை தாம் தெரிந்தெடுத்த மரத்தை நோக்கி எழுதும் திட்டமொன்று நடைபெறுகிறது. கேரளப் பாடசாலை மாணவர் அதிற் பெரும்பங்கு கொண்டுள்ளனர்.

இத்தகைய குறிப்புக்குப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். மூன்று அல்லது நான்கு மரங்களைத் தெரிந்து, அவற்றையே ஆண்டுதோறும் நோக்குதல் வேண்டும். இவ்வாண்டு ஒரு மரம், வரும் ஆண்டு பிறிதொன்று என மாற்றலாகாது. கிழமையில் ஒரு நாளை வகுத்துக்கொண்டு, அந்நாளிற் கண்ட இலையுதிர்வு, தளிர், மொட்டு, பூ, பிஞ்சு ஆகியவற்றை எழுதவேண்டும். முதற்பூ விரிந்த நாளோடு நின்றுவிடாது, மரத்திற் பாதி பூத்த நாளையும் பூ முடிந்த நாளையும் குறித்தல் இன்றியமையாதது. ஏனெனில் ஒரு கிளை மட்டும் காலந்தப்பிப் பூத்து ஏமாற்றுதல் உண்டு. தமிழ் மாதத் தேதியையும் ஆங்கிலத் தேதியையும் சேர்த்தெழுதினால் பின்னர் ஒப்பிடுவது எளிதாகும். மழை பெய்த நாள், கிளை வெட்டிய நாள், நீரூற்றிய செய்தி ஆகியவையும் இடம்பெறல் வேண்டும். கிணற்றடி மரம் நாள்தோறும் நீர் பெறுவது; அது கோடிப்புறத்து மரத்தின் காலக்கணக்கைப் பின்பற்றாது. யாதொன்றும் பூவாத கிழமையில் "பூக்கவில்லை" என்று எழுதுவதும் செய்தியே. அவ்வரி இல்லையெனில், பூக்கவில்லையா, பார்க்கவில்லையா என்று பின்வருவோர் அறியார்.

ஓராண்டுக் குறிப்பினால் உறுதியாக எதுவும் கூறவியலாது. ஓராண்டு மழை பிந்தும். மற்றோராண்டு புயல் கிளையை முறிக்கும். காலநிலையின் இயல்பைக் கணிக்க வானிலை அறிஞர் முப்பது ஆண்டுச் சராசரியையே அளவாகக் கொள்கின்றனர். அவ்வாறாயின், இன்று பத்து வயதுப் பிள்ளை தொடங்கும் கொப்பி, அப்பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போதே முழுமையாகப் பேசத் தொடங்கும். "முன்பெல்லாம் சித்திரைக்கு முன்னரே பூக்கும், இப்போது எல்லாம் மாறிவிட்டது" என்று முதியோர் கூறுவது உண்மையாயிருக்கலாம், நினைவின் மயக்கமாயும் இருக்கலாம். அதைத் தீர்த்து வைக்க வல்லது எழுத்தன்றி வேறில்லை.

வடபுலத்து மக்களுக்கு இதில் மற்றுமோர் உண்மை அடங்கியுள்ளது. போர்க்காலத்திலே எத்தனையோ வளவுகள் ஆளின்றிக் கிடந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராய் வீடுவிட்டு வெளியேறினர். திரும்பி வந்தோருட் சிலர் தம் மரங்களைக் கண்டனர். சிலர் வெறும் அடிக்கட்டைகளையே கண்டனர். காணி உறுதி எல்லையைக் கூறும். மரங்களின் எண்ணிக்கையையும் சிலவேளை கூறும். ஆனால் கிணற்றடி மா எந்த மாதம் பூத்தது, வாயில் வேம்பின்கீழ் எப்போது சீலை விரித்தார்கள் என்பதை எந்த உறுதியும் கூறாது. அவை அவ்வீட்டாரின் நினைவில் மட்டுமே இருந்தன. நினைவுடையோர் மறைய அவையும் மறைந்தன. மீளக் குடியேறியோர் நட்ட கன்றுகள் பல இன்று முதற்பூவைக் கண்ட மரங்களாய் நிற்கின்றன. அவற்றுக்கேனும் ஒரு குறிப்பு இருத்தல் வேண்டும்.

வேம்பு எவர்க்காகவும் காத்திராது. பங்குனியின் ஒரு விடியலில் அது மீண்டும் முற்றத்தில் வெண்பூவைச் சிந்தும். அன்று விளக்குமாற்றை எடுக்குமுன் சற்றே நிமிர்ந்து கிளையை நோக்கி, பஞ்சாங்கத்தின் ஓரத்திலேனும் அந்நாளைக் குறித்து வைக்கும் கை ஒன்று வீட்டுக்கு வீடு இருந்துவிட்டால், அவ்வீட்டின் இளவேனில் பூவோடு உதிர்ந்து போகாது நிலைத்திருக்கும்.