கல் இல்லாமல் இருப்பதே அதிசயம்

முதுகெலும்பின் இருபுறமும் ஒதுங்கி இருந்து ஓசையின்றி உழைப்பவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடை. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் எனும் நுண் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மீதியை இரத்தத்துக்கே திருப்பித் தந்துவிடுகின்றன.

இவ்வளவு சுண்டிய நீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் கரைந்து நிற்கும் எல்லையைத் தாண்டிவிடுகின்றன. நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள் பலருக்கும் இதே நிலைதான். வேதியியல் கணக்குப்படி பார்த்தால் இவை சேர்ந்து படிகமாகி, பெரும்பாலோருக்குச் சிறுநீரகக் கல் இருக்க வேண்டும். ஏன் இல்லை?

படைத்தவன் அங்கே காவல் வைத்திருக்கிறான். முதல் காவலாளி சிட்ரேட். குலாப் ஜாமூனுக்குக் காய்ச்சிய பாகு மறுபடி சர்க்கரையாகக் கட்டிக்கொள்ளாமல் இருக்கச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்களே, ஏறத்தாழ அந்த வேலைதான். செய்முறை வேறு: சிட்ரேட் கால்சியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, ஆக்சலேட்டின் கையில் அகப்படாமல் கரைந்தபடியே வெளியேற்றுகிறது. இரண்டாவது காவலாளி, இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் இருவரும் 1950-ல் சிறுநீரில் கண்டறிந்த ஒரு புரதம். சிறுநீரகமே சுரக்கும் இது, நுண்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாதபடி பார்த்துக்கொள்கிறது.

இந்தக் காவலைத் தளர்த்துவது எது? அளவுக்கு மீறிய இறைச்சியும் மீனும் முட்டையும் ஒரு காரணம். இவற்றின் புரதத்தில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் அதிகம். அவை சிதையும்போது கந்தக அமிலம் பிறக்கிறது. இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நின்றாக வேண்டும். அதற்காக எலும்பு தன் காரச் சேமிப்பை விட்டுக்கொடுக்கிறது. கூடவே கால்சியமும் கரைந்து சிறுநீருக்கு வருகிறது. சிறுநீரகமோ, வெளியே போகவிருந்த சிட்ரேட்டைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. சிட்ரேட் எரிந்தால் காரம் கிடைக்கும், இரத்தம் பிழைக்கும். இதற்கிடையே இறைச்சி, மீனின் பியூரின்களால் யூரிக் அமிலமும் கூடுகிறது. அமிலம் மிகுந்த சிறுநீரில் அது எளிதில் படிகமாகும்.

ஆக, இரத்தத்தைக் காக்கத் தன் காவலாளியையே தாரைவார்க்கிறது சிறுநீரகம். இப்படி வரும் கல் படைப்பின் கோளாறல்ல. அந்தத் தியாகத்தின் விலை.

இத்தாலியின் பார்மா நகர மருத்துவர் லோரிஸ் போர்கி குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சிறுநீரில் கால்சியம் மிகுந்து, அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்து உண்ட 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். கால்சியத்தை வழக்கம்போல் உண்டு, இறைச்சிப் புரதத்தையும் உப்பையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே. பால், தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பாலை ஒதுக்குவது பரிகாரமல்ல.

புரதம் உயிருக்கு வேண்டியதே. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவு பெரும்பாலோருக்குப் போதும். ஒருமுறை கல் வந்தவர்கள், புரோட்டீன் பவுடர் டப்பாவைத் திறக்கும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. தாராளமாகத் தண்ணீர், பழம், காய்கறி, பருப்பு, அளவாக இறைச்சி: படைத்தவன் வைத்த காவலுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இவ்வளவே.