தானே நிலைநிற்கும் மின்வண்டி: வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் மகனுடன் எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வந்திருந்தார். வயது 66. முழங்கால் மூட்டுத் தேய்மானமும் 18 ஆண்டுகால நீரிழிவும் உடையவர். தெருமுனை வரை நடந்தாலே உட்கார இடம் தேட வேண்டிய நிலை. மகன் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒரு பலகை. அதன்மீது நின்று, உயரமான கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதியவர் ஒருவர் பூங்காவில் வழுக்கிச் செல்கிறார். "டாக்டர், இது தானாகவே பேலன்ஸ் செய்துகொள்ளுமாம். அப்பாவுக்கு வாங்கித் தரலாமா?" என்று மகன் கேட்டார். தந்தை எதுவும் கூறவில்லை. ஆயினும் அவருடைய கண்கள் அக்காணொளியை விட்டு அகலவில்லை.

அந்தப் பார்வையின் பொருளை நடக்க இயலாமற்போனவர்கள் அறிவார்கள். மாலையில் நண்பர்களோடு ஏரிக்கரையைச் சுற்றி வருவது, பிறர் துணையின்றிக் கோயிலுக்குச் செல்வது ஆகியவை சிறிய ஆசைகள் அல்ல. எனவே இக்கேள்விக்கு "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் விடையளிப்பது முறையன்று. அதேவேளையில், ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எஞ்சியிருக்கும் நடையும் பறிபோகக்கூடும். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு முடிவெடுக்க இக்கட்டுரை உதவும் என்று நம்புகிறேன்.

சக்கர நாற்காலியிலிருந்து பிறந்த வண்டி

இவ்வகை வண்டிகளைப் பலரும் "செக்வே" என்றே அழைக்கின்றனர். அமெரிக்கப் பொறியாளர் டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகப்படுத்திய வண்டியின் பெயர் அது. அதற்கு முன்னரே அவருடைய குழுவினர், படியேறவும் இரு சக்கரங்களின்மீது உயர்ந்து நிற்கவும் வல்ல "ஐபாட்" என்னும் சக்கர நாற்காலியை உருவாக்கியிருந்தனர். நோயாளிகளுக்காகத் தோன்றிய அந்தத் தொழில்நுட்பமே பின்னர் நின்று செல்லும் வண்டியாயிற்று.

அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்வது எளிது. சிறுவயதில் துடைப்பத்தை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்போம். துடைப்பம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் அது விழாது. இவ்வண்டியும் அதையே செய்கிறது. சாய்வை அறியும் உணரிகள் நொடிக்கு ஏறத்தாழ 100 முறை பலகையின் நிலையை அளக்கின்றன. நீங்கள் முன்னால் சாய்ந்தால் சக்கரங்கள் முன்னே உருளும். பின்னால் சாய்ந்தால் வேகம் குறையும். மேலும் சாய்ந்தால் வண்டி பின்னோக்கிச் செல்லும்.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவாக உணர வேண்டும். வண்டி தன் பலகையை மட்டுமே நிலைநிறுத்துகிறது. அதன்மீது நிற்கும் உடலை நிலைநிறுத்தும் பொறுப்பு உங்களுடையதே. உங்களுக்குத் தலைசுற்றி உடல் முன்னே சரிந்தால், அதை "வேகமாகச் செல்" என்னும் கட்டளையாகவே வண்டி எடுத்துக்கொள்ளும்.

யாருக்கு உதவும்? யாருக்கு ஆகாது?

உறுதியாக நிற்க முடியும், ஆனால் நெடுந்தொலைவு நடக்க முடியாது என்னும் நிலையில் உள்ளவர்களுக்கு இவ்வண்டி பயன்படலாம். போரில் காலிழந்து செயற்கைக் கால் பொருத்திக்கொண்ட அமெரிக்க வீரர்கள் பலர் இதனைப் பயன்படுத்தியுள்ளனர். செயற்கைக் காலுடன் நிற்பது அவர்களுக்கு இயலும். நெடுநேர நடையே வலியையும் களைப்பையும் தந்தது. நின்று செல்வதால் எதிரில் இருப்பவரை நேருக்கு நேர் பார்த்துப் பேச முடிவதும் அவர்களுக்கு ஆறுதலாயிற்று.

மாறாக, பின்வரும் நிலைகளில் உள்ளவர்கள் இதனைத் தவிர்ப்பதே நன்று: வலிப்பு நோய் அல்லது திடீர் மயக்கம் உடையவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள், பார்க்கின்சன் நோயினால் உடல் விறைப்பு உடையவர்கள், பக்கவாதத்துக்குப் பின் ஒரு பக்கத்தைக் கவனிக்க மறப்பவர்கள், எலும்பு மெலிவு முற்றியவர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்குத் தலையில் சிறிய அடிபட்டாலும் உள்ளே ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். தூக்கம் வரவழைக்கும் மருந்துகளும் சிலவகை வலி மருந்துகளும் உடலின் எதிர்வினையை மந்தப்படுத்தும்.

கடைக்குச் செல்லுமுன் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

இவற்றை இயன்முறை மருத்துவர் அருகில் இருக்கும்போது மட்டுமே செய்து பார்க்க வேண்டும்.

1. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர எத்தனை நொடி ஆகிறது? 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் மிகுதி என்று கொள்கிறோம்.

2. எதையும் பிடிக்காமல் ஒரே காலில் 5 நொடி நிற்க முடிகிறதா? வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்க நேரிடும்.

3. படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுமுறையும் ரத்த அழுத்தத்தை அளக்கிறோம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளி குறைந்தால், நின்று செல்லும் எவ்வண்டியும் ஏற்றதன்று.

4. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கிறோம். நெடுநாள் நீரிழிவில் பாத உணர்ச்சி மங்கிவிடும். பலகை சாய்வதைப் பாதம் அறியாவிட்டால் உடலால் அதற்கேற்பத் திருந்த முடியாது.

சோதனை ஓட்டம்

நான்கிலும் தேறியவர்கள் ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டிப் பாராமல், படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். ஒரு சுற்றுலாத் தலத்தில் இவ்வகை வண்டியை முதன்முறை ஓட்டியபோது, நிறுத்த வேண்டும் என்ற பதற்றத்தில் கைப்பிடியை என் பக்கம் இழுத்தேன். மிதிவண்டிப் பழக்கம். வண்டி பின்னோக்கி உருண்டது. நான் கீழே குதித்தேன். சக்கரம் என் கணுக்காலில் மோதியது. நாற்பது வயதைக் கடந்த எனக்கு அது ஒரு சிராய்ப்போடு முடிந்தது. எழுபது வயதில் அவ்வாறு முடிந்திருக்குமா என்பது ஐயமே.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

தலைக்கவசம், பின்புறம் மூடிய காலணி, மணிக்கட்டுக் காப்பு ஆகியவற்றை அணிந்துகொள்ளுங்கள். வேட்டியும் சேலையும் சக்கரத்தில் சிக்கக்கூடும். உணவையும் மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் எடுத்துக்கொண்ட பின்னரே செல்லுங்கள். நீரிழிவு உடையவர்கள் புறப்படுமுன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏறுமுன் வண்டி இயக்கத்தில் உள்ளதா, தன் நிலையைப் பிடித்துக்கொண்டதா என்று உறுதிசெய்யுங்கள். 2003ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் இவ்வண்டியில் ஏறி முன்புறமாகத் தடுமாறிய படம் உலகெங்கும் வெளியானது. வண்டி இயக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. இயக்கப்படாத வண்டி வெறும் பலகையே.

முதல் 10 நிமிடம் சமதளத்தில், மிகக் குறைந்த வேக அமைப்பில், பயிற்றுநர் எதிரில் நிற்க, ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் பழகுங்கள். பின்புறமாக, ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும். இரண்டு கால்களும் தரையில் ஊன்றும்வரை கைப்பிடியைத் தள்ளவோ இழுக்கவோ கூடாது. அதன்பின் நிறுத்திப் பழகுங்கள். பயிற்றுநர் எதிர்பாராத வேளையில் "நில்" என்று கூற, எவ்வளவு தொலைவில் நிற்கிறீர்கள் என்பதை உடன் வந்தவர் கவனிக்கட்டும்.

இறுதியாக, உங்கள் தெருவில் உள்ளவற்றை நினைத்து ஓட்டிப் பாருங்கள். வேகத்தடை, மணல் படிந்த ஓரம், மழைநீர் தேங்கிய ஓடு, திடீரெனக் குறுக்கே வரும் நாய் ஆகியவை காணொளியில் வருவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் கல்லில் தடைபட்டாலும், வழுக்கிச் சுழன்றாலும், வண்டியின் சமநிலை குலைந்துவிடும். கால் மணி நேர ஓட்டத்துக்குப் பின் முழங்கால் நடுங்குகிறதா, இடுப்பு வலிக்கிறதா, மறுநாள் காலையில் வீக்கம் உள்ளதா என்பதையும் குறித்துக்கொண்டு எங்களிடம் கூறுங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் மூன்று வகைகளைக் காணலாம். உயரமான கைப்பிடி உடையது முதல் வகை. நோயாளிகள் எண்ணிப் பார்க்கத்தக்கது இதுவொன்றே. முழங்கால்களுக்கு இடையே ஒரு தண்டை வைத்துக்கொண்டு காலாலேயே திருப்புவது இரண்டாம் வகை. மூட்டுத் தேய்மானம் உடையவர்களுக்கு அது வலியையே தரும். பிடிமானமே இல்லாத "ஹோவர்போர்டு" மூன்றாம் வகை. அதனை நோயாளிகள் தொடவே வேண்டாம்.

எடை வரம்பைக் கேளுங்கள். செக்வே வண்டிக்கு ஓட்டுபவர் ஏறத்தாழ 45 கிலோவுக்குக் குறையாமலும் 118 கிலோவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று வரம்பு இருந்தது. மிகவும் மெலிந்தவர் பின்னால் சாய்ந்தாலும் வண்டியை நிறுத்தப் போதிய எடை இராது. வண்டியின் எடையும் முக்கியம். 45 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைப் படிகளில் தூக்கி வைப்பவர் யார் என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

மூல செக்வே வண்டியின் உற்பத்தி 2020 ஜூலையில் நிறுத்தப்பட்டது. எனவே பழைய வண்டி வாங்குவோர் மின்கலத்தின் வயதையும் உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும். மின்கலப் பாதுகாப்பில் அலட்சியம் கூடாது. தீப்பற்றும் அபாயத்தால் அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அதன்பின் "யூ.எல். 2272" என்னும் பாதுகாப்புச் சான்று முதன்மை பெற்றது. அச்சான்று உள்ளதா என்று பாருங்கள். இரவில் உறங்கும் அறையிலும், வெளியேறும் வாயிலருகிலும் மின்னேற்றம் செய்யாதீர்கள்.

அமர்ந்து செல்வதும் பயணமே

நின்று செல்லும் வண்டி ஏற்றதன்று என்று தெரிந்தால் வழி அடைபட்டுவிடவில்லை. மூன்று அல்லது நான்கு சக்கரமுள்ள, அமர்ந்து செல்லும் மின்வண்டிகள் உள்ளன. மின்சக்கர நாற்காலிகள் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான "நியோபோல்ட்" என்னும் கருவியைச் சக்கர நாற்காலியின் முன்னால் பொருத்தினால், அது மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும் சாலை வண்டியாகிவிடும். தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும் மின்சக்கர நாற்காலியும் வழங்குகிறது. தேவையான மருத்துவச் சான்று குறித்து எங்கள் சமூகப் பணியாளரிடம் கேட்கலாம்.

தலைமையாசிரியருக்கு என்ன நேர்ந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நைலான் இழை தம் பாதத்தைத் தொட்டதை அவர் பத்து இடங்களில் ஆறில் உணரவில்லை. எழுந்து நின்றபோது அவருடைய ரத்த அழுத்தம் 24 புள்ளி குறைந்தது. முடிவைக் கூறியபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் என்னைக் குனிந்து பார்ப்பார்களே, டாக்டர்" என்றார். அவருடைய தயக்கம் வண்டியைப் பற்றியது அன்று என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

இருக்கையைச் சற்று உயர்த்திக்கொள்ளக்கூடிய நான்கு சக்கர வண்டி ஒன்றை அவர் மூன்று முறை ஓட்டிப் பார்த்த பின் வாங்கினார். சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது, ஏரிக்கரையில் நண்பர்கள் நடுவழியில் இளைப்பாற அமரும் சிமென்ட் திண்ணைக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொள்வதாகக் கூறினார். "அவர்களும் உட்கார்ந்துதானே ஐயா பேசுகிறார்கள்?" என்றேன். "ஆமாம், என்னைவிட நாலு விரல் கீழே" என்று சிரித்தார்.

வீட்டில் எவருக்கேனும் இத்தகைய வண்டி வாங்கும் எண்ணம் இருப்பின், பணம் கட்டுமுன் மருந்துச் சீட்டுகளுடன் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வாருங்கள். எங்கே செல்ல விரும்புகிறார், யாருடன் செல்ல விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்டு வாருங்கள். எந்த வண்டி என்பதை அதன்பின் சேர்ந்து முடிவு செய்வோம்.