சந்தாவில் நிற்கும் சங்கங்கள்

பொருளாதாரம் சரியும்போது மக்கள் அமைப்புகளுக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. வேலை இழந்தவர்களும் வாடகை கட்ட முடியாதவர்களும் அவற்றைத் தேடி வருவது கூடுகிறது. அதே மாதங்களில் கைக்கு வரும் பணம் குறைகிறது. அமெரிக்காவில் இந்த அமைப்புகள் பலவும் தனியார் அறக்கட்டளைகளின் மானியத்தை நம்பியிருப்பவை. அறக்கட்டளைகளின் சொத்தில் பெரும்பகுதி முதலீட்டுச் சந்தையில் கிடக்கிறது. அந்தச் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் செலவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்; சொத்து சுருங்கினால் மானியமும் சுருங்கும். 2008-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் முக்கியக் குறியீடான எஸ் அண்டு பி 500 சுமார் 38 விழுக்காடு வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெர்னார்ட் மேடாஃபின் மோசடி வெளிவந்தது. அவரிடம் பணம் போட்டிருந்தவர்களின் கொடையில் இயங்கிய ஜெஹ்ட் அறக்கட்டளை அடுத்த மாதமே மூடப்பட்டது. சிறைச் சீர்திருத்தத்துக்கு உழைத்த பல குழுக்கள் ஒரே நாளில் ஆதரவை இழந்தன.

இந்தப் பலவீனத்துக்கு மாற்று, முந்தைய பெருமந்தத்தின்போதே உருவானது. 1939-இல் சிகாகோவின் இறைச்சித் தொழிற்கூடங்களை ஒட்டிய பேக் ஆஃப் த யார்ட்ஸ் பகுதியில், சால் அலின்ஸ்கியும் ஜோசப் மீகனும் ஒரு மக்கள் பேரவையைக் கட்டினார்கள். அவர்கள் தனி ஆட்களைச் சேர்க்கவில்லை. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத போலந்து, லித்துவேனியா, அயர்லாந்து வம்சாவளியினரின் தேவாலயங்களையும், தொழிற்சங்கத்தையும், உள்ளூர் மன்றங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். கூடுவதற்கு இடமும் நம்பிக்கைக்குரிய தலைவர்களும் அவற்றிடம் ஏற்கெனவே இருந்தது பெரிய பலம்.

அலின்ஸ்கி 1940-இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, அவர் 1972-இல் இறந்தபின் எட் சேம்பர்ஸ் தலைமையில் உறுப்பு நிறுவனங்களின் சந்தாவை அடித்தளமாக்கியது. 1974-இல் அதன் அமைப்பாளர் எர்னஸ்டோ கோர்ட்டெஸ் சான் அன்டோனியோவில் உருவாக்கிய காப்ஸ் அமைப்புக்கு, மெக்சிகோ வம்சாவளி ஏழைகளின் கத்தோலிக்கப் பங்குத் தேவாலயங்களே சந்தா கட்டின. மழை பெய்தால் தெருக்கள் மூழ்கும் பகுதி அது. வடிகால் கேட்டு நகராட்சியோடு மோதும்போது, மானியம் நின்றுவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இல்லை. மந்தத்தில் கோயில் காணிக்கையும் குறையும்தான். ஆனாலும் பலர் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிற பணம் மொத்தமாக வற்றிப்போவது அரிது.

பணம் மட்டும் போதாது, ஆள் வேண்டும். பாஸ்டனில் 1973 முதல் இயங்கும் சிட்டி லைஃப் அமைப்பு, 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீடு ஜப்தியானவர்களை வாரந்தோறும் கூட்டியது. சட்ட மாணவர்கள் நீதிமன்றத்தில் வாதாட, உறுப்பினர்கள் வீட்டு வாசலில் மறியல் செய்தார்கள். போன மாதம் கலங்கி வந்தவர் இந்த மாதம் புதிதாக வருபவருக்கு வழி சொல்வார். சம்பளக்காரர்கள் சிலரே இருந்தும் வேலை நடந்தது இதனால்தான்.

1970-இல் அர்க்கன்சாவில் பிறந்த ஏகார்ன் அமைப்பும் சந்தா வாங்கியது. ஆனால் அறக்கட்டளைப் பணமும் அரசுப் பணமும் அதன் வரவில் பெரிதாயின. உள்ளுக்குள் நடந்த கையாடல் 2008-இல் அம்பலமானது. மறுஆண்டு, மறைகேமராக் காட்சிகள் கிளப்பிய சர்ச்சையில் நாடாளுமன்றம் நிதியை வெட்டியது, கொடையாளர்களும் விலகினார்கள். 2010-இல் தேசிய அமைப்பு கலைந்தது. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் உள்ளூர்த் தலைவர்கள் புதிய பெயர்களில் சங்கங்களை மறுபடி பதிவுசெய்து, அதே குடியிருப்புகளில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

(தொடரும்)