ஒரு ஊரோட பாட்டு யார் கையில இருக்கு? தனுஷ்கோடி கரையின் பாடகர் குழுக்களும் சம்பளமில்லாத ‘மாஸ்டர்’களும்

குரல் இல்லாததால் எந்தப் பாடகர் குழுவும் கலைவதில்லை. நடத்துகிற ஒருத்தர் ஊரைவிட்டுப் போனால்தான் கலைகிறது. அதைத் தடுக்க வழி இருக்கா? ஒரு விளக்கம்.

தனுஷ்கோடி போய்ட்டு வந்தவங்க போனைத் திறந்தா அந்த போட்டோ நிச்சயம் இருக்கும். கூரை இல்லாத சர்ச், பவளக்கல் சுவர், பின்னால் வெறும் வானம். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்த பிறகு அங்கே செல்ஃபி எடுக்காமல் திரும்புறவங்க குறைவு.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் அந்த ஊரைக் கொண்டுபோனது. ரயிலும் போனது. பிறகு, மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. இந்தக் கதை நமக்குத் தெரியும். ஆனா அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது நாம் யோசிக்காத ஒண்ணு இருக்கு. சர்ச் என்று ஒன்று இருந்தால், அதில் பாடினவங்களும் இருந்திருப்பாங்க. ஊர் இடம் மாறும்போது கட்டடத்தை அப்படியே விட்டுட்டு வந்துடலாம். பாட்டை மட்டும் யாராவது ஒருத்தர் மனசுல வச்சு எடுத்துட்டு வரணும்.

அந்த ‘யாராவது ஒருத்தர்’ பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் அந்த ஒருத்தர்?

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வேர்க்கோடு என்று இந்தக் கரையில் வரிசையாகப் பங்கு ஆலயங்கள் இருக்கின்றன. பங்குக்குப் பங்கு பாடகர் குழு. அதை நடத்துபவரைச் சில ஊரில் ‘கொயர் மாஸ்டர்’ என்பார்கள், சில ஊரில் ‘பாட்டு டீச்சர்’. பல இடங்களில் வெறும் ‘அண்ணன்’ அல்லது ‘அக்கா’.

வெளியில் இருந்து பார்த்தால் கீபோர்டு பக்கத்தில் நின்று கையை ஆட்டுகிற வேலை மாதிரி தெரியும். உண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கு:

- அந்த வார வாசகங்களுக்குப் பொருந்துகிற மாதிரி வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல், நன்றிப் பாடல் என்று தேர்ந்தெடுக்கணும்.
- யாருக்கு எந்த ஸ்கேல் வசதி என்று தெரிஞ்சிருக்கணும். பெண்களுக்குச் சரியாக இருக்கிற சுருதி ஆண்களுக்குத் தொண்டையைப் பிடிக்கும்.
- கீபோர்டு, தபேலா வாசிக்கிறவங்க வருவாங்களா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்கணும்.
- பத்தாம் வகுப்புப் பரீட்சை இருக்கிற பிள்ளையின் அம்மாவைச் சமாதானப்படுத்தணும்.
- ‘போன வாரம் அவளுக்கு மட்டும் சோலோ கொடுத்தீங்க’ என்கிற பஞ்சாயத்தைத் தீர்க்கணும்.

இதற்குச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. திருவிழா முடிந்ததும் ஒரு சால்வை வரும். சில வருஷம் அதுவும் வராது.

இந்தக் கரையில் மட்டும் என்ன கூடுதல் சிக்கல்?

ஐ.டி. கம்பெனி கொயருக்குப் பிராக்டிஸ் நேரத்தை காலண்டர் முடிவு பண்ணும். இங்கே கடல் முடிவு பண்ணும்.

பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நான்கு நாள் என்று பிரித்து வைத்த ஏற்பாடு 1990-களில் இருந்தே இருக்கிறது. அதாவது டெனர் பாடுகிற அண்ணன் விசைப்படகிலும் பேஸ் பாடுகிற அண்ணன் நாட்டுப்படகிலும் போனால், ரெண்டு பேரும் ஒரே சாயங்காலம் கரையில் இருப்பதே அபூர்வம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லாரும் வீட்டில்தானே இருப்பாங்க, பிராக்டிஸுக்கு நல்ல சமயம் என்று தோன்றும். ஆனா வருமானம் இல்லாத அந்த நாட்களில் வேலை தேடி கேரளக் கரைக்குப் போகிறவர்களும் உண்டு. இதோடு எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை கைது செய்கிற செய்தி வந்தால், அன்றைக்கு ஊரில் பாட்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இத்தனைக்கும் நடுவில் ஞாயிறு காலையில் பாட்டு எழும்புது என்றால், வாரம் முழுக்க யாரோ ஒருத்தர் ஆள் சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

தமிழில் பாட ஆரம்பிச்சது எப்போ?

நவநாள், சப்பரம், தேர்பவனி என்று கோயிலுக்கு வெளியே தமிழ்ப் பாட்டு ரொம்ப காலமாகவே இருந்தது. ஆனால் கத்தோலிக்கத் திருப்பலி நடந்தது லத்தீனில். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1965 மார்ச் 7 முதல் அமலுக்கு வந்தன.

தேதிகளைக் கவனிச்சீங்களா? தனுஷ்கோடி அழிந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

பக்கத்து ஊர்களில் அதற்குப் பிறகு நடந்தது பெரிய மாற்றம். திருப்பலி முழுக்கத் தமிழ்ப் பாட்டு தேவைப்பட்டது. புதுப் பாட்டு, புது மெட்டு, அதைச் சொல்லிக்கொடுக்க ஆள். இன்று நாம் பார்க்கிற தமிழ்ப் பாடகர் குழு என்கிற அமைப்பு ஊர் ஊராக வேரூன்றியது இந்தத் தேவையில்தான். தேவை வந்த வேகத்துக்குப் பயிற்சி வரவில்லை. கேள்வி ஞானத்தில் கற்றுக்கொண்டவர்களே மாஸ்டர் ஆனார்கள்.

அதற்கு முன்னாடி இங்கே கூட்டுப்பாட்டு இல்லையா?

இருந்தது, மணலில். தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கிறதை இப்பவும் பார்க்கலாம். படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விடுவாங்க. அதன் ரெண்டு முனைக் கயிற்றையும் கரையில் ரெண்டு கூட்டம் இழுக்கும். ரெண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இழுத்தால்தான் வலை நேராக வரும். ஒரு பக்கம் முந்தினால் மீன் தப்பிடும்.

அந்த வேகத்தைச் சமமாக வைத்திருந்தது அம்பாப் பாட்டு. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். அடி எடுத்துக் கொடுப்பவருக்கு நல்ல குரல் மட்டும் போதாது. யார் களைத்திருக்கிறார்கள், அலை எப்படி இருக்கு, எப்போ தாளத்தைக் கூட்டணும், எப்போ சிரிக்க வைக்கணும் என்று தெரிஞ்சிருக்கணும். யோசிச்சுப் பார்த்தா இது அப்படியே கொயர் மாஸ்டர் வேலைதான்.

ஆட்களுக்குப் பதில் இயந்திரம் கயிறு இழுக்க ஆரம்பித்த கரைகளில் அம்பாவும் குறைந்தது. பாட்டு யாருக்கும் பிடிக்காமல் போகவில்லை. அடி எடுத்துக் கொடுக்க வேண்டிய அவசியம் போச்சு, எடுத்துக் கொடுக்கிறவரும் போனார். பாம்பனில் 2016-ல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 எஃப்.எம். மாதிரி மீனவர்களுக்கான சமுதாய வானொலி முக்கியமாவது இங்கேதான். கரையில் நிற்கிற குரலை அங்கேயே பதிவு செய்ய முடியும்.

ஒருத்தரையே நம்பினால் என்ன ஆகும்?

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காலேஜ் படிக்கும்போது தென் மாவட்டத்தில் ஒரு குழுவில் ஆல்டோ பாடினேன். பதினெட்டு பேர் இருந்தோம். மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு அக்காதான் எல்லாம். அவருக்குக் கல்யாணம் ஆகி வெளிநாடு போனார். நாலே மாதத்தில் நாங்கள் ரெண்டு மூன்று பாட்டையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தோம்.

பதினெட்டு குரலும் அங்கேயேதான் இருந்தது. ஆனா எந்தப் பாட்டு எந்த ஸ்கேல், எங்கே செகண்ட் வாய்ஸ் பிரியும், எந்தச் சரணத்தை விடணும் என்பதெல்லாம் அக்காவின் நோட்டில் இருந்தது. அந்த நோட்டும் அவரோடு ஃபிளைட் ஏறிடுச்சு. அதை ஒரு தடவைகூட ஜெராக்ஸ் எடுக்கணும்னு எங்களுக்குத் தோணலை. ‘நான் எடுத்துக்கிறேன்’ என்று நானும் சொல்லலை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கா?

இருக்கு. எம்.பி.சீனிவாசன். சுருக்கமாக எம்.பி.எஸ். அந்த ‘எம்’ மானாமதுரை. ராமேஸ்வரம் ரயில் தினமும் தாண்டிப் போகிற அதே மானாமதுரை. 1925-ல் பிறந்தவர், ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். மலையாள சினிமாவில் பெரிய பெயர். சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னால் நின்றவர்.

அவர் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர் பாரதி பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல் அடுக்கில் பாடியது. இதைவிட நம் கதைக்கு முக்கியமான இன்னொரு வேலையும் செய்தார். 1980-களில் என்.சி.இ.ஆர்.டி.யின் கூட்டுப்பாடல் திட்டத்தில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தைகளுக்கு நேராகப் பாட்டு சொல்லிக்கொடுத்தால் ஒரு பள்ளியோடு முடியும். ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்தால், அவர் போகிற ஒவ்வொரு வகுப்பிலும் பாட்டு தொடரும்.

1988 மார்ச்சில் லட்சத்தீவில் அவர் இறந்தார். அங்கே போயிருந்தது குழந்தைகளுக்குக் கூட்டுப்பாடல் பயிற்சி கொடுக்க. மெட்ராஸ் யூத் கொயர் அதோடு நின்றுவிடவில்லை. அவரிடம் பயின்றவர்கள் எடுத்து நடத்தினார்கள்.

உலகத்தில் வேறு எங்கே இப்படி?

எஸ்டோனியாவைப் பாருங்க. மொத்த மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 1869-ல் டார்ட்டு நகரில் தொடங்கிய அவர்களின் பாட்டுத் திருவிழா, இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஒரே மேடையில் 30,000 பேர் வரை பாடுகிறார்கள். பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே பாடுகிற சாதாரண மக்கள்.

எப்படி முடியுது? பாட்டு வரிசையும் சுரத்தாளும் முன்கூட்டியே எல்லாக் குழுக்களுக்கும் போய்விடும். அந்தந்த ஊர் நடத்துநர் சொல்லிக்கொடுப்பார். பிறகு திருவிழா நடத்துநர்கள் பகுதி பகுதியாகப் போய் குழுக்களைச் சேர்த்துப் பாட வைத்துக் கேட்பார்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே உதவி. ஊர் நடத்துநரைத் தனியாக விட்டுவிடுவதில்லை என்பதுதான் அதில் நமக்கான பாடம்.

இங்கே இதனால் என்ன பயன்?

கச்சத்தீவை எடுத்துக்கோங்க. அங்குள்ள அந்தோணியார் ஆலயத் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்தும் யாழ்ப்பாணப் பக்கமிருந்தும் மக்கள் வருகிறார்கள். முதல் நாள் மாலை கொடியேற்றம், மறுநாள் காலை திருப்பலி. இரு கரை மக்களும் சேர்ந்து ஒத்திகை பார்க்க வாய்ப்பே இல்லை. இரு பக்கமும் தெரிந்த பாட்டு இருந்தால்தான் சேர்ந்து பாட முடியும்.

அந்தத் தொடர்பும் உறுதியானது இல்லை. 2021-ல் கொரோனாவால் இங்கிருந்து யாரும் போகவில்லை. 2024-ல் மீனவர்கள் சிறை வைக்கப்பட்டதைக் கண்டித்து ராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். படகு போகாத வருஷத்திலும் பாட்டை மறக்காமல் வைத்திருக்கிற பொறுப்பு அந்த ஊர் மாஸ்டர் தலையில்தான் விழுது.

சரி, என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

1. ரெண்டாவது ஆள்: ஒவ்வொரு குழுவிலும் மாதம் ஒரு ஞாயிறு வேறொருவர் நடத்தட்டும். மாஸ்டர் வரிசையில் நின்று பாடட்டும்.

2. பொது நோட்டு: பாட்டு, ஸ்கேல், தாளம், யார் எங்கே ஆரம்பிக்கணும். நாலு வரி போதும். போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடுங்க.

3. வாய்ஸ் நோட்டு: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நாலையும் தனித்தனியாகப் பதிவு பண்ணுங்க. கடலில் இருந்து திரும்புகிறவர் வீட்டில் கேட்டுக்கலாம்.

4. மாஸ்டர்கள் சந்திப்பு: பக்கத்துப் பங்குகளின் மாஸ்டர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து ஐந்து பொதுப் பாட்டை முடிவு பண்ணலாம். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து ஊர் மாஸ்டர் வந்து நிற்கலாம்.

5. பஸ் செலவு: இதைக் கேட்க அவங்க கூச்சப்படுவாங்க. குழுவே முன்வந்து கொடுக்கணும்.

6. பெரியவர்கள் குரல்: அம்பா தெரிஞ்ச தாத்தா, பழைய நவநாள் மெட்டு தெரிஞ்ச ஆச்சி இருந்தால் இந்த வாரமே பதிவு பண்ணுங்க.

இது சர்ச்சுக்கு மட்டும் இல்லை. மார்கழி பஜனை கோஷ்டி, பள்ளிக் கூட்டுப்பாடல் குழு, ஆபீஸ் கொயர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். உங்க ஊர்க் குழுவை நடத்துகிற அண்ணனோ அக்காவோ கண்ணுக்குத் தெரிஞ்சா, சால்வைக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: “உங்க நோட்டை நான் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கவா?”