லேண்ட்ஸ்கேப்: பார்க்கிற நிலமும் இருக்கிற நிலமும்

லேண்ட்ஸ்கேப் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் நம் கைவசம் நாலைந்து சொற்கள் இருக்கின்றன: இயற்கைக்காட்சி, நிலக்காட்சி, நிலத்தோற்றம், நிலவமைப்பு, நிலப்பரப்பு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டால் பொருந்துமா என்றால், பொருந்தாது. ஓவியக் கண்காட்சியில் தொங்குவது நிலக்காட்சி. புவியியல் பாடத்தில் வருவது நிலத்தோற்றம். பிரிண்டரில் தாளைக் குறுக்குவாட்டில் போடச் சொல்கிற லேண்ட்ஸ்கேப்புக்கு இதில் எதுவுமே ஒட்டாது. ஒரே சொல் எப்படி இத்தனை வேலை பார்க்கிறது என்று தேடிப் போனபோது சேர்ந்த குறிப்புகள் இவை. நான் மொழியியலாளன் அல்ல. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு சொல்லின் பழைய பதிப்புகளைத் தோண்டிப் பார்க்கும் ஆர்வம் உண்டு.

முதலில் பிறப்பு. டச்சு மொழியில் 'லாண்ட்ஸ்காப்' என்றால் ஒரு வட்டாரம். லாண்ட் என்பது நிலம். பின்னொட்டான 'ஸ்காப்', ஆங்கிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்பதில் வருகிற 'ஷிப்'பின் உறவுக்காரர். நட்பாக இருக்கும் நிலை ஃப்ரெண்ட்ஷிப் என்றால், நிலமும் அதில் சேர்ந்திருக்கும் மக்களுமாக அமைந்த ஒரு பகுதி லாண்ட்ஸ்காப். நெதர்லாந்தின் வடகிழக்கில் உள்ள ட்ரென்ட்ட பகுதி, டச்சுக் குடியரசுக் காலத்தில் 'லாண்ட்ஸ்காப் ட்ரென்ட்ட' என்றே அழைக்கப்பட்டது. அங்கே இந்தச் சொல்லுக்குக் 'காட்சி' என்ற பொருளே இல்லை. அது ஒரு நாடு, ஒரு சீமை. பழைய ஆங்கிலத்திலும் இதே மாதிரி ஒரு சொல் இருந்து வழக்கொழிந்து போனது.

அப்புறம் ஓவியர்கள் வந்தார்கள். டச்சு ஓவியர்கள் வயலையும் வானத்தையும் மட்டுமே வரைந்து, அதையே முழு ஓவியமாக விற்க ஆரம்பித்தார்கள். அந்த ஓவிய வகைக்கும் லாண்ட்ஸ்காப் என்றே பெயர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் கடன் வாங்கியது இந்த ஓவியப் பெயரைத்தான். 'லேண்ட்ஸ்கிப்' என்றுகூட எழுதினார்கள். ஆக, ஆங்கிலத்தில் இந்தச் சொல் நுழைந்தபோது அதற்கு நிலம் என்று பொருள் இல்லை, நிலத்தின் படம் என்றுதான் பொருள். சில பத்தாண்டுகள் கழித்துத்தான் படம் போலத் தெரிகிற நிஜ நிலத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் படம், பிறகு நிலம்.

சீனரியின் கதையும் இப்படித்தான். அது நாடக மேடையிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'ஸ்கேனே' என்பது மேடைக்குப் பின்னால் இருந்த கூடாரம் அல்லது குடில். அதிலிருந்து வந்த சீனரி, மேடையின் பின்னால் தொங்கவிடும் வரைந்த திரைகளைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் மலையும் அருவியும் சீனரி ஆகிவிட்டன.

பின்னொட்டின் கதையும் வேடிக்கையானது. 'ஸ்கேப்' என்றால் 'காட்சி' என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலேயர்கள் அதைத் தனியாகக் கழற்றிவிட்டார்கள். கடல் காட்சிக்கு சீஸ்கேப் வந்தது, பிறகு கிளவுட்ஸ்கேப், சிட்டிஸ்கேப், மூன்ஸ்கேப், ஒலிக்கு சவுண்ட்ஸ்கேப். எஸ்கேப் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது லத்தீனில் மேலங்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பிடித்தவன் கையில் அங்கியை விட்டுவிட்டு ஓடுவது!

சரி, பயன்பாட்டில் என்ன வேறுபாடு? சீனரி என்பதை ஆங்கிலத்தில் எண்ண முடியாது. ஃபர்னிச்சர் மாதிரி. நம் ஊரில் தாராளமாகப் புழங்கும் 'சீனரீஸ்' அங்கே பிழை. ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டுமானால் வியூ அல்லது சீன். வியூ என்றால் பார்ப்பவர் நிற்கும் இடம் ஒன்று வேண்டும்: ஜன்னலிலிருந்து வியூ, மாடியிலிருந்து வியூ. லேண்ட்ஸ்கேப்பை எண்ணலாம், அது அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாலைவனமும் லேண்ட்ஸ்கேப்தான், சுரங்கம் தோண்டிப் போட்ட மண்மேடும் லேண்ட்ஸ்கேப்தான். ஆனால் மண்மேட்டை யாரும் சீனரி என்று சொல்ல மாட்டார்கள். 'பொலிட்டிக்கல் லேண்ட்ஸ்கேப்' என்று உருவகமாக வரும்போது தமிழில் களம், சூழல் என்றால் போதும். பிரிண்டரின் லேண்ட்ஸ்கேப், நிலக்காட்சி ஓவியங்களின் வழக்கமான வடிவத்திலிருந்து வந்தது. ஏ4 தாளில் 297 மில்லிமீட்டர் பக்கம் குறுக்கே வந்தால் லேண்ட்ஸ்கேப், நெட்டுக்குத்தலாக நின்றால் போர்ட்ரெய்ட். தமிழில் அகலவாக்கு, நெட்டவாக்கு என்றால் எவருக்கும் புரியும்.

இதுவரை சொன்னது அகராதி வேலை. எனக்கு உறுத்தியது வேறு.

நிலத்தைப் படமாகப் பார்க்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு மோகமாகவே ஆனது. சுற்றுலா போனவர்கள் 'கிளாட் கண்ணாடி' என்ற கறுப்புச் சாயக் குவியாடியைக் கையோடு கொண்டுபோனார்கள். பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேனின் பெயரை வைத்த கண்ணாடி அது. ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தக் கண்ணாடியில் ஏரியைப் பார்ப்பார்கள். அப்போதுதான் அது ஓவியம் மாதிரி தெரியுமாம். இன்றைக்கு நாம் செல்ஃபிக்கு நிற்பதும் அதே நிலைதான், இல்லையா?

பணக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படம் போல இல்லாத நிலத்தைப் படம் போல ஆக்கினார்கள். 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்று பெயர் பெற்ற லான்சலட் பிரவுன் (1716–1783) இந்தத் தொழிலின் பெரிய கை. மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையில்லாமல் அடிவானம் வரை ஓட வேண்டும். வேலி தெரியக்கூடாது, ஆனால் மாடுகள் தோட்டத்துக்குள் வரவும் கூடாது. அதற்காக 'ஹா-ஹா' என்ற பள்ளத்தை வெட்டினார்கள். ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் புல் போர்த்திய சரிவு. தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளமே தெரியாது. மாடு படத்தில் இருக்கும், பக்கத்தில் வராது.

மாட்டுக்குப் பள்ளம் வெட்டியாயிற்று. காட்சிக்கு நடுவில் ஓர் ஊரே இருந்தால்? டோர்செட் மாவட்டத்தில் மில்டன் பிரபுவின் மாளிகைக்குப் பக்கத்தில் மிடில்டன் என்ற சந்தை ஊர் இருந்தது. பிரபுவுக்கு ஊர் கண்ணை உறுத்தியது. வீடுகளைப் படிப்படியாக வாங்கி இடித்து, மக்களில் ஒரு பகுதியினரைச் சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தாக்கில் புதிதாகக் கட்டிய மில்டன் அப்பாஸ் கிராமத்துக்கு மாற்றினார். அது ஏறத்தாழ 1780இல் முடிந்தது. அந்த வேலையில் பிரவுனுக்கும் பங்கு உண்டு. இன்று மில்டன் அப்பாஸின் ஒரே மாதிரியான வெள்ளை வீட்டு வரிசை சுற்றுலாப் பயணிகள் விரும்பிப் போட்டோ எடுக்கும் சீனரி.

நிலமும் மக்களும் சேர்ந்த வட்டாரம் என்று பிறந்த சொல், இருநூறு ஆண்டுகளுக்குள் மக்களை அப்புறப்படுத்தும் அளவுக்குப் போயிருக்கிறது. சொல் ஊரை இடிக்காது, பணமும் அதிகாரமும்தான் இடிக்கும். ஆனால் 'இது பார்ப்பதற்கான நிலம்' என்ற எண்ணத்தை அந்தச் சொல் கௌரவமாகச் சுமந்துகொடுத்தது.

சொல்லைப் பழைய பொருளுக்குத் திருப்பும் முயற்சியும் நடந்தது. 1925இல் அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் சாவர், மனிதர்கள் வாழ்ந்து வாழ்ந்து உருமாற்றிய நிலமே லேண்ட்ஸ்கேப் என்று எழுதினார். இது ஏதோ கல்லூரி விவாதம் என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு 1980களிலேயே விண்ணப்பித்தது. அது இயற்கையா, மனிதர் ஆக்கமா என்ற குழப்பத்தில் இரண்டு முறை தேறவில்லை. மலையும் ஏரியும் இயற்கை. கல்வேலிகளும் ஆட்டுப் பட்டிகளும் மேய்ப்பர்கள் செய்தவை. இத்தகைய சிக்கல்களுக்காகவே 1992இல் 'பண்பாட்டு லேண்ட்ஸ்கேப்' என்ற தனி வகையை யுனெஸ்கோ ஏற்றது. அந்த வகையில்தான் 2017இல் லேக் டிஸ்ட்ரிக்ட் பட்டியலில் சேர்ந்தது. படத்துக்கு வெளியே இருந்த மேய்ப்பருக்கு உள்ளே ஓர் இடம் கிடைத்தது.

இங்கே தமிழுக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்தபோது நூலுக்கு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று பெயர் வைத்தார். அதன் பிறகு திணை என்றால் லேண்ட்ஸ்கேப் என்று ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. நல்ல மொழிபெயர்ப்புதான். ஆனால் எந்த லேண்ட்ஸ்கேப்? குறிஞ்சித் திணையில் மலை மட்டும் இல்லை. பொழுது, தெய்வம், உணவு, பறை, தொழில், அங்கே வாழும் மக்கள், அவர்களின் உறவு எல்லாம் அதற்குள் அடக்கம். ஜன்னலில் நின்று பார்க்கும் பிரபுவுக்கு அதில் இடமே இல்லை. ஆக, திணைக்குப் பக்கத்தில் வருவது ஆங்கில ஓவியர்களின் சொல்லைவிட, பழைய டச்சு லாண்ட்ஸ்காப்தான் என்பது என் கருத்து.

அதனால் மொழிபெயர்க்கும்போது நான் இப்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த வாக்கியத்தில் மனிதன் எங்கே நிற்கிறான்? வெளியே நின்று ரசித்தால் நிலக்காட்சி. அளந்தும் வகைப்படுத்தியும் பார்த்தால் நிலத்தோற்றம். உள்ளே நின்று உழுதால் நிலம் என்று மட்டும் எழுதுகிறேன். காட்சி என்ற ஒட்டு அங்கே தேவைப்படுவதில்லை.