நெடும்பயணங்களில் மோட்டார் சைக்கிளின் நம்பகத்தன்மை

நெடும்பயண நம்பகத்தன்மை என்பது, பல்லாயிரம் கிலோமீட்டர் நீளும் பயணத்தை ஒரு மோட்டார் சைக்கிள் இடையில் கைவிடாமல் முடிக்கும் திறனைக் குறிக்கும். வண்டி எவ்வளவு அரிதாகப் பழுதடைகிறது என்பது இதன் ஒரு பாதியாகும். பழுதடைந்த இடத்திலேயே, அங்கு கிடைக்கும் கருவிகளையும் ஆட்களையும் கொண்டு அதனைச் சரிசெய்ய முடியுமா என்பது மறுபாதியாகும். இவ்விரு பண்புகளும் எல்லா வண்டிகளிலும் சேர்ந்து அமைவதில்லை. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தில் உருவாக்கப்படும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

உலகப் பயணங்கள்

இங்கிலாந்தைச் சேர்ந்த இதழாளர் டெட் சைமன் 1973 முதல் 1977 வரை, 500 கன செ.மீ. டிரையம்ப் டைகர் 100 வண்டியில் உலகைச் சுற்றி வந்தார். சுமார் 1,00,000 கி.மீ. நீண்ட இப்பயணத்தில் அவர் 45 நாடுகளைக் கடந்தார். இந்தியாவும் அவற்றுள் ஒன்றாகும். வழியில் பொறியைப் பழுதுபார்க்க நேர்ந்தபோதும், புறப்பட்ட அதே வண்டியிலேயே நாடு திரும்பினார்.

அர்ஜென்டினாவின் எமிலியோ ஸ்கோட்டோ 1985 முதல் 1995 வரை ஒரே ஹோண்டா கோல்டு விங் வண்டியில் சுமார் 7,35,000 கி.மீ. பயணம் செய்து கின்னஸ் சாதனை படைத்தார். இதற்கிடையே 80-க்கும் மேற்பட்ட டயர்கள் தேய்ந்து மாற்றப்பட்டன. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பரத்வாஜ் தயாளா, இந்தியாவில் செய்யப்பட்ட 223 கன செ.மீ. ஹீரோ ஹோண்டா கரிஸ்மா வண்டியில் 2006-இல் தனியாகப் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2007-இல் திரும்பினார்.

இம்மூன்று வண்டிகளும் அளவிலும் விலையிலும் பெரிதும் வேறுபட்டவை. பொறியின் பெருமை மட்டுமே பயணத்தின் வெற்றியை முடிவு செய்வதில்லை என்பதை இவை காட்டுகின்றன.

புல்லட்டும் காஞ்சிபுரம் மாவட்டமும்

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தோன்றிய நிறுவனமாகும். புல்லட் என்னும் பெயர் 1930-களின் தொடக்கத்தில் அறிமுகமானது. 1950-களில் எல்லைப்புறச் சுற்றுக்காவலுக்கு ஏற்ற வண்டியைத் தேடிய இந்திய அரசு, 350 கன செ.மீ. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இதனைத் தொடர்ந்து 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா உருவாக்கப்பட்டது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அதன் ஆலை அமைந்தது. இங்கிலாந்தில் இந்நிறுவனத்தின் உற்பத்தி 1970-இல் முடிவுக்கு வந்த பின்னரும் சென்னையில் புல்லட் தொடர்ந்து செய்யப்பட்டது. 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது.

1990-களில் இந்நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கீழ் வந்தது. பின்னர் காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் வட்டத்திலுள்ள ஒரகடத்தில் 2013-இலும், வல்லம் வடகாலில் 2017-இலும் புதிய ஆலைகள் தொடங்கப்பட்டன. ஒரகடம், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் - திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது.

பழைய இரும்பு உருளைப் பொறி

பழைய 350 புல்லட்டின் உருளை வார்ப்பிரும்பால் ஆனது. அதன் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் நீளம் 90 மி.மீ. ஆகும். நீண்ட வீச்சுடைய இப்பொறி மெதுவாகச் சுழன்றாலும் நல்ல இழுவிசை தரும். அமுக்க விகிதம் குறைவாதலால் தரம் குறைந்த பெட்ரோலிலும் ஓடும். பொறியும் கியர் பெட்டியும் தனித்தனிக் கூடுகளில் இருந்ததால் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைப் பிரிக்கலாம். தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் பாயின்டை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். கார்புரேட்டரைச் சாலையோரத்திலேயே கழற்றித் துடைக்கலாம்.

இவ்வண்டி பழுதே இல்லாதது எனக் கூற இயலாது. எண்ணெய்க் கசிவு, அதிர்வினால் மரைகள் தளர்தல், டேப்பட் இடைவெளியை அடிக்கடி சரிசெய்ய வேண்டிய நிலை ஆகியன இதன் அறியப்பட்ட குறைகளாகும். தொடர்ந்து அதிவேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி உருளையில் இறுகிவிடுவதும் உண்டு. ஆயினும் படையிலும் காவல் துறையிலும் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இது பயன்பட்டதால், இதனை அறிந்த மெக்கானிக்குகளும் உதிரிப் பாகங்களும் இந்தியாவின் சிற்றூர்களிலும் கிடைத்தன. வெளிநாட்டுப் பயணிகள் பலர் தில்லியின் கரோல் பாக் போன்ற இடங்களில் பழைய புல்லட்டை வாங்கி இமயமலைக்குச் சென்றதற்கு இது முக்கியக் காரணமாகும்.

புதிய பொறிகள்

2000-களின் இறுதியில் பொறியையும் கியர் பெட்டியையும் ஒரே கூட்டில் அமைத்த அலுமினிய உருளைப் பொறிகள் வந்தன. இவற்றில் டேப்பட் இடைவெளி எண்ணெய் அழுத்தத்தால் தானே சரியாகிவிடும். 2020-இல் மீட்டியர் வண்டியில் அறிமுகமான 349 கன செ.மீ. பொறி 2023-இல் புல்லட்டிலும் பொருத்தப்பட்டது. அதிர்வைத் தணிக்கும் சமன் தண்டும், மின்னணு எரிபொருள் உட்செலுத்தலும் இதில் உள்ளன.

உட்செலுத்தலின் பயன் மலைப்பாதையில் தெளிவாகத் தெரியும். லடாக்கில் 5,300 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள கார்துங் லா போன்ற கணவாய்களில் காற்று அடர்த்தி குறைவாகும். கார்புரேட்டர் அங்கும் ஏறத்தாழ முன்போலவே பெட்ரோலை விடுவதால் கலவை மிகையாகிப் பொறி திணறும். உட்செலுத்தும் அமைப்பு, உணரிகள் தரும் அளவுகளுக்கேற்ப பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதே வேளையில் உணரியோ எரிபொருள் பம்போ செயலிழந்தால் சாலையோரத்தில் செய்யக்கூடியது மிகக் குறைவு. பழுதைக் கண்டறிய அதற்கான மின்னணுக் கருவியும், மாற்றுவதற்குச் சரியான பாகமும் தேவைப்படும். பழுதுகள் குறைந்துள்ளன, எஞ்சிய பழுதுகள் சிலவற்றுக்குப் பயணி பிறரைச் சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

வழியில் பழுதடையும் பாகங்கள்

நெடும்பயணத்தில் வண்டியை நிறுத்துபவை பெரும்பாலும் பொறிக்கு வெளியே உள்ள சிறு பாகங்களே ஆகும்.

• டயரும் டியூபும்: ஆணி, கூர்ங்கல், மிகைச்சுமை ஆகியவற்றால் சேதமடைகின்றன.
• சங்கிலியும் பற்சக்கரங்களும்: புழுதியும் எண்ணெயின்மையும் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன.
• கிளட்ச், ஆக்சிலேட்டர் கம்பிகள்: இழை இழையாக அறுபடுவதால் முன்கூட்டியே கண்டறியலாம்.
• ஆரக்கம்பிகள்: மேடு பள்ளங்களில் தளர்ந்து, கவனிக்காவிடில் முறியும்.
• மின்கலமும் மின்கம்பி இணைப்புகளும்: அதிர்வினாலும் நீரினாலும் தொடர்பறுகின்றன.
• சுமை தாங்கும் சட்டங்கள்: பெட்டிகளின் எடையால் பற்றவைப்பில் விரிசல் விடுகின்றன.

இவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் சில நிமிடங்கள் பார்த்தால் தெரியக்கூடியவை. ஆதலால் அனுபவமுள்ள பயணிகள் உதிரி டியூப், கம்பிகள், பிளக், சங்கிலி இணைப்பு ஆகியவற்றை உடன் கொண்டு செல்வதோடு, அவற்றை மாற்றும் முறையைப் பயணத்துக்கு முன்னரே கற்றுக்கொள்கின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

• ராயல் என்ஃபீல்டு
• ஒரகடம்
• உள் எரி பொறி