பாயச வாசனை வந்தா பயப்படுங்க!

"சார், உங்க கார் பின்னாடி வண்டி ஓட்டினா பாயசம் காய்ச்சுற வீட்டைத் தாண்டுற மாதிரி இருக்கு!"

ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டே சொன்னான் எங்கள் செக்‌ஷன் பையன். எனக்கு ஒரே பெருமை. மற்றவன் கார் புகை விட்டால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். என் கார் விட்டால் நின்று முகர்ந்து பார்க்கிறார்கள். எல்லாம் ஓட்டுகிறவன் கைராசி!

அந்தப் பையனுக்குத்தான் காரை விற்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். "முன்சீட்டுல அவளை உட்கார வெச்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும் சார்" என்று, லோன் போட்டு அட்வான்ஸும் கொடுத்துவிட்டான்.

யோசித்துப் பார்த்தால், கார் எனக்கு நிறையவே ஜாடை காட்டியிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை. 'பனிக்காலத்துல சகஜம்' என்று விட்டுவிட்டேன். மாதமோ சித்திரை! வாரா வாரம் ரேடியேட்டரில் அரை லிட்டர் கூலன்ட் குறைந்தது. தரையிலோ ஒரு சொட்டு இல்லை. "பால் குறைஞ்சா பூனை மேல பழி போடலாம். இதுக்கு யார் மேல போடுறது?" என்று மனைவி கேட்டபோதும் எனக்கு உறைக்கவில்லை. தாம்பரம் டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்த பிறகுதான் மெக்கானிக் பாயிடம் போனேன்.

பாய் சைலன்சர் பக்கம் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். "எத்தனை நாளா இந்த வாசனை?"

"ஒரு மாசமா. நல்லாத்தானே இருக்கு பாய்?"

"வாசனை நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் நல்லால்லை."

விஷயம் இதுதான். கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் என்று ஒரு சரக்கு இருக்கிறது. கூலன்ட் ஆவியானால் இனிப்பு வாசனை. இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு - ஹெட் கேஸ்கெட். பெட்ரோல் எரியும் அறையையும் தண்ணீர் ஓடும் வழியையும் பிரித்து வைக்கிற குடித்தனச் சுவர் அது. சுவரில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் புகுந்து, ஆவியாகி, சைலன்சர் வழியே பாயசமாக வெளியேறும்!

"வாசனையை மட்டும் நம்பி ஹெட்டை இறக்கக் கூடாது" என்ற பாய், இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருந்தார். (சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஞாபகம் இருக்கட்டும்!) மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார். உள்ளே விடாமல் குமிழி. அடுத்து ஒரு நீல திரவத்தை ரேடியேட்டர் வாய்க்கு மேல் பிடித்து, வரும் காற்றை அதன் வழியே இழுத்தார். நீலம் மஞ்சளானது. எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தமாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். இரண்டு காபித்தூள் நிறம். மூன்றாவது மட்டும் விளக்கி வைத்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபள! ஆவி கழுவிவிட்டிருக்கிறது. ஆசாமி அகப்பட்டான்.

ஆயில் மட்டும் மோர் மாதிரி வெளுக்கவில்லை. "அது வரைக்கும் தப்பிச்சீங்க" என்றார் பாய். செலவு எவ்வளவு என்று அவர் சொன்னதும் என் முகம்தான் வெளுத்தது.

அப்போது பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு புண்ணியவான் காதைக் கடித்தார். "ஸ்டாப் லீக் ஒரு டப்பா ஊத்துங்க. கொஞ்ச நாள் தாங்கும். அதுக்குள்ள வண்டி கைமாறிடுமில்ல?"

சபலம் தட்டத்தான் செய்தது. பொய் சொல்வானேன்?

பாய் காதிலும் விழுந்துவிட்டது. "அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்காது சார். ரேடியேட்டர்ல இருக்கற சின்னச் சின்ன வழியையும் அடைக்கும். ராத்திரி நின்ன வண்டியில சிலிண்டருக்குள்ள தண்ணி தேங்கியிருந்தா, காலையில ஸ்டார்ட் பண்றப்ப கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். வாங்கறவர் யாரு, தெரிஞ்சவரா?"

பட்டுப் புடவையோடு ஒரு பெண் ஹைவே ஓரம் நிற்கிற காட்சி கண் முன்னால் வந்தது. "ஹெட்டை இறக்குங்க பாய்" என்றேன்.

இறக்கினார். கேஸ்கெட் ஓரிடத்தில் கருகிக் கிடந்தது. ஹெட்டின் மேல் நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்தார். இந்த மாதிரி சின்ன இன்ஜினுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு கூடாதாம்! லேத்துப் பட்டறையில் சமன் செய்து வந்த பிறகு புதுக் கேஸ்கெட் வைத்து, நடு போல்ட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்சால் படிப்படியாக முறுக்கினார்.

நான் கிளம்பத் தயாரானேன். "இருங்க, கேஸ்கெட் ஏன் கருகிச்சுன்னு பார்க்க வேணாமா?" என்றார். ரேடியேட்டர் ஃபேனைச் சுற்ற வைக்கும் தெர்மோ சுவிட்ச் செத்துப் போயிருந்தது. அதை மாற்றாமல் விட்டிருந்தால் புதுக் கேஸ்கெட்டும் அதே வழியில் போயிருக்கும்.

வடித்த கூலன்ட்டை டப்பாவில் ஊற்றி இறுக மூடினார் பாய். தெரு நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டு நின்றிருந்தது. "தித்திப்பா இருக்கும், நக்கிடும். கிட்னி போயிடும். குழந்தைங்களுக்கும் அதேதான்" என்றார்.

எல்லா இனிப்பு வாசனையும் கேஸ்கெட் இல்லை. பானெட் பக்கம் வாசனை வந்து கீழே சொட்டினால் ஹோஸோ ரேடியேட்டரோ இருக்கலாம். காருக்குள் வாசனை வந்து கண்ணாடியில் பிசுபிசுவென்று படிந்தால் ஹீட்டரைப் பாருங்கள். சைலன்சரில் இனிப்பு, விடாத வெள்ளைப் புகை, சொட்டாமல் குறையும் கூலன்ட் - மூன்றும் சேர்ந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

பையனிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, பில்லையும் பழைய கேஸ்கெட்டையும் காட்டினேன். வேண்டாம் என்பான் என்றுதான் நினைத்தேன். "இவ்ளோ சொல்ற ஆளுகிட்டதான் சார் வண்டி வாங்கணும்" என்று சாவியை வாங்கிக்கொண்டான்.

கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தது. எல்லோரும் குடித்தார்கள். நான் மட்டும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்!